பார்வையை முந்தும் வேகம்

நடத்தல் மனிதனின் முதல் உரிமை. உழவும் நெசவும் கற்பதற்கு முன்பே அவன் நிமிர்ந்து நடந்தான். அவ்வுரிமையை எந்தச் சட்டமும் அவனுக்கு வழங்கவில்லை. ஆகவே எந்தச் சட்டமும் அதனைப் பறிக்க இயலாது என்றே நாம் நம்புகிறோம். ஆயினும், நம் ஊர்ப்புறங்களில் பொழுது சாய்ந்த பின்னர் ஒரு முதியவர் கடைக்குச் சென்று திரும்புவதற்கும், பொழுது புலருமுன் ஒரு சிறுமி பள்ளிப் பேருந்து வரும் சந்திக்குச் செல்வதற்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது. உரிமை இருக்கிறது, அதனைத் துய்ப்பதற்குரிய வெளிச்சம் இல்லை.

இருண்ட சாலையில் நடந்து சென்ற ஒருவர் வண்டியில் அடிபட்டு இறந்தால், ஊரார் முதலில் எழுப்பும் வினா ஒன்றே: “தவறு யாருடையது?” ஓட்டுநருடையது என்பார் சிலர், நடந்தவருடையது என்பார் வேறு சிலர். இரண்டிலொன்று முடிவானதும் பேச்சு ஓய்ந்து விடுகிறது. சாலை மட்டும் முன்போலவே இருண்டு கிடக்கிறது. அவ்வினா போதுமானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது காவல் துறையினரும் பொறியாளரும் பேச வேண்டிய பொருளன்றோ, தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று எண்ணுவார் உளர். அறம் பற்றிய வினாக்கள் ஏடுகளில் மட்டும் எழுவதில்லை. அணைந்து போன விளக்குக் கம்பத்தின் அடியிலும் எழுகின்றன.

முதலில் இருளைப் பற்றிச் சில உண்மைகளை அறிந்து கொள்வோம். ஜொகூர் மாநிலத்தின் புறநகர்கள் பலவும் ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்தவை. ஸ்கூடாய், மாசாய், கூலாய், உலு திராம் ஆகிய வட்டாரங்களில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று தாமான்களும் தொழிற்சாலைகளும் எழுந்துள்ளன. குடியிருப்புகள் விரைவாக வந்தன. நடைபாதைகள் அதே விரைவில் வரவில்லை. செம்மண் பாதை தார்ச்சாலையாயிற்று. ஆனால் ஓரத்தில் நடப்பதற்கென ஒரு சாண் அகலமும் ஒதுக்கப்படாத இடங்கள் உண்டு. அச்சாலைகளிலேயே பாரவண்டிகள் ஓடுகின்றன. வேலைக்குச் செல்வோரின் மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன. புல்லும் வடிகாலும் தாரும் சேரும் இடத்தில் மனிதர் நடக்கின்றனர்.

விளக்கு எரியாமைக்கும் காரணங்கள் பல. குமிழ் பழுதாகி மாற்றப்படாதிருக்கலாம். செம்புக்காகத் திருடர்கள் கம்பி வடத்தை அறுத்துச் சென்றிருக்கலாம். வீடமைப்பு நிறுவனம் சாலையை இன்னும் ஊராட்சி மன்றத்திடம் முறையாக ஒப்படைக்காதிருக்கலாம். ஒரு சாலை கூட்டரசுச் சாலையா, மாநிலச் சாலையா, ஊராட்சி மன்றச் சாலையா, தோட்டத்திற்குரிய தனியார் சாலையா என்பதைப் பொறுத்து அதனைப் பேணும் கடமை மாறுகிறது. நடப்பவருக்கு அவ்வேறுபாடு தெரியாது. அவர் காலடியில் இருப்பது ஒரே சாலை. அவர்மேல் கவிந்திருப்பது ஒரே இருள்.

இருள் இயற்கையானது என்று கருதி அமைதியடைவோரும் உளர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதே அதன் நோக்கம். நோக்கம் நல்லது; அதில் எவருக்கும் தீய எண்ணமில்லை. ஆனால் அன்று முதல் ஜொகூரில் கதிரவன் ஏறத்தாழ ஏழு மணிக்கு எழுகிறான். பிப்ரவரி மாதத்தில் ஏழேகாலும் ஆகிவிடுகிறது. காலைப் பள்ளியோ ஏழரை மணி அளவில் தொடங்குகிறது. ஆகவே ஆறரை மணிக்குப் பையைச் சுமந்து வாயிற்படி இறங்கும் குழந்தை இருளுக்குள்தான் இறங்குகிறது. அவ்விருள் வானத்திலிருந்து மட்டும் வந்ததன்று; கடிகாரத்திலிருந்தும் வந்தது. மனிதர் எடுத்த முடிவால் ஒரு குழந்தை இருளில் நடக்க நேர்ந்தால், அவ்வழியில் விளக்கேற்றும் கடமையும் மனிதரையே சாரும்.

இனி, ஜொகூர் மக்கள் மறக்கவியலாத ஒரு நிகழ்ச்சியைக் கருதுவோம். 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், பின்னிரவு மூன்று மணிக்குப் பின்னர், ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில் மிதிவண்டிகளில் கூடியிருந்த சிறுவர் கூட்டத்தின்மீது ஒரு மகிழுந்து மோதியது. எண்மர் மாண்டனர், மேலும் சிலர் காயமுற்றனர். மாண்டவர்கள் 13 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள். மலாய் மொழியில் ‘பாசிக்கால் லாஜாக்’ எனப்படும் உருமாற்றிய மிதிவண்டிகளில் அவர்கள் வந்திருந்தனர். ஓட்டி வந்தவர் 22 வயதான ஓர் இளம்பெண். அச்சிறுவர்கள் நடந்து சென்றவர்கள் அல்லர். எனினும், இரும்புக் கூட்டின் காப்பின்றி வெற்றுடலோடு இருளில் இருந்தவர்கள் என்ற வகையில், நடப்பவர்க்கு மிக அணுக்கமானவர்கள்.

அவ்வழக்கு சென்ற வழியை நோக்குக. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் அப்பெண் குற்றஞ்சாட்டப்பட்டார். 2019 அக்டோபரில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், எதிர்வாதம் புரிய அழைக்காமலேயே அவரை விடுவித்தது. 2021 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம், அவர் எதிர்வாதம் புரிய வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனக் கண்டு, ஆறாண்டுச் சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரல் 11ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றச்சாட்டு வரையப்பட்ட முறையிலேயே குறையிருந்தது என்று கூறி அவரை முற்றாக விடுவித்தது. விபத்து நிகழ்ந்து ஆறாண்டுகள் கடந்திருந்தன.

அந்த ஆறாண்டுகளில் நாடே இரு பிரிவாய் நின்று வழக்காடியது. “பின்னிரவு மூன்று மணிக்குச் சிறுவர்களுக்குச் சாலையில் என்ன வேலை? பெற்றோர் எங்கே போயினர்?” என்றனர் ஒரு சாரார். “வளைவான சாலையில் வண்டியோட்டி வருபவர் கவனமாக வர வேண்டாவா?” என்றனர் மற்றொரு சாரார். சாலை இருண்டது, வளைவும் ஏற்ற இறக்கமும் உடையது, அந்நேரத்தில் அங்கே மிதிவண்டிக் கூட்டம் இருக்கும் என்று ஓட்டுநர் எதிர்பார்த்திருக்க இயலாது என்பதை விசாரணை நீதிமன்றம் தன் முடிவில் கருத்திற்கொண்டது. ‘இருள்’ என்னும் சொல் இவ்வழக்கில் ஒருவரைக் காக்கும் சான்றாக வந்தது. ஆனால் இருளே குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கவில்லை; ஏற்றுவதற்கும் வழியில்லை.

நீதிமன்றத்தைக் குறை கூறுவது நம் கருத்தன்று. தண்டனைச் சட்டம் குறுகியதாகத்தான் இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்தாரா, அது ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டதா என்பதையே அது கேட்க வேண்டும். அதற்கு மேற்பட்டுக் கேட்கத் தொடங்கினால், ஊரின் துயரத்தையெல்லாம் ஒருவர் தலையில் சுமத்திச் சிறைக்கனுப்பும் கொடுமை நேரும். எண்மர் மாண்டனர் என்பதற்காக ஒருவர் குற்றவாளியாகி விடமாட்டார். அதுபோலவே, ஒருவர் குற்றவாளியல்லர் என்பதற்காக எண்மரின் இறப்பு எவருடைய பொறுப்புமற்றதாகிவிடாது. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றம் நடந்ததைப் பற்றியது. பொறுப்பு நடந்ததையும் இனி நடக்கவிருப்பதையும் பற்றியது. குற்றத்தை நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. பொறுப்பு இன்னும் நம் வாசலில் காத்து நிற்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். “எல்லார்க்கும் பொறுப்புண்டு என்பது, எவர்க்கும் பொறுப்பில்லை என்பதற்கே ஒப்பாகும் அன்றோ?” இம்மறுப்பு வலிமையானது. ‘நாம் அனைவரும் சிந்திக்க வேண்டும்’ என்று மேடையில் முழங்கிவிட்டு அனைவரும் வீடு திரும்புவதை நாம் காண்கிறோம். ஆகவே பொறுப்பை அளந்து பகிர வேண்டும். அதற்கு மூன்று அளவுகோல்கள் உண்டு. முதலாவது ஆற்றல்: யாருடைய கையில் பிறர்க்குத் தீங்கு செய்யக்கூடிய வலிமை மிகுதியாக உள்ளதோ, அவருக்குப் பொறுப்பு மிகுதி. இரண்டாவது அறிவு: இடர் இருப்பதை எவர் முன்னரே அறிந்திருந்தாரோ, அவருக்குப் பொறுப்பு மிகுதி. மூன்றாவது இயலுமை: அவ்விடரை நீக்கும் வழி எவர் கையில் உள்ளதோ, அவருக்குப் பொறுப்பு மிகுதி. இம்மூன்றையும் கொண்டு, சாலையில் செல்வோரையும் சாலையை ஆள்வோரையும் ஒவ்வொருவராக அளந்து பார்ப்போம்.

முதலில் ஓட்டுநர். கணக்கு எளிதானது, நம் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவரே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. எதிரே ஓர் உருவத்தைக் கண்டு, அது மனிதன் என உணர்ந்து, கால் தடையை மிதிப்பதற்கு ஒன்றரை நொடியாவது ஆகும். அதற்குள் வண்டி 25 மீட்டர் சென்றுவிடும். உலர்ந்த சாலையில் தடை பிடித்து நிற்பதற்கு மேலும் ஏறத்தாழ 20 மீட்டர் தேவை. ஆக 45 மீட்டர். தாழ்த்திய முகப்பு விளக்கின் ஒளியிலோ, கருநிற ஆடை அணிந்து ஓரத்தில் நடப்பவர் ஏறத்தாழ 30 மீட்டர் தொலைவில்தான் கண்ணுக்குப் புலப்படுவார். 45இலிருந்து 30ஐக் கழித்தால் எஞ்சுவது 15 மீட்டர். அப்பதினைந்து மீட்டருக்குள்தான் ஒரு மனிதனின் உயிர் இருக்கிறது. அதே வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால், கண்டு, உணர்ந்து, நிற்பதற்கு 26 மீட்டர் போதும். மழை பெய்த சாலையில் இத்தொலைவுகள் இன்னும் நீளும்.

இக்கணக்கிலிருந்து ஓர் அறம் பிறக்கிறது. காணும் தொலைவுக்குள் நிற்க வல்ல வேகமே நேர்மையான வேகம். சட்டப் பலகை எவ்வளவு அனுமதித்தாலும், பார்வையை முந்திச் செல்லும் வேகம், தான் அறியாத ஓரிடத்துக்குள் ஆற்றலோடு பாய்கிறது. “நான் பார்க்கவில்லை” என்பது அப்போது விடையாகாது. பார்க்க முடியாத விரைவில் வந்தமையால் பார்க்கவில்லை என்பதே உண்மையாயின், அக்காணாமை அவரே வருவித்துக் கொண்டது. இதுகாறும் கண்ட ஜொகூர் பாரு வழக்கின் ஓட்டுநரைக் குறித்து இதனைச் சொல்லவில்லை. அது நீதிமன்றம் முடித்த செய்தி. நாளை இரவு வண்டியின் திறவுகோலைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவரையும் குறித்தே சொல்கிறோம்.

சாலையில் மற்றொரு நுட்பமும் உண்டு. நடப்பவருக்கு வண்டியின் விளக்கு நெடுந்தொலைவிலிருந்தே கண் கூசத் தெரிகிறது. “எனக்கு அது இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, அவருக்கும் என்னைத் தெரியாமலா இருக்கும்?” என்று அவர் எண்ணுகிறார். உண்மை அதற்கு நேர்மாறானது. எளியவர் வலியவரைக் காண்கிறார். வலியவர் எளியவரைக் காண்பதில்லை. சாலையில் மட்டுமா இந்நிலை? தொழிலாளிக்கு முதலாளியின் முகம் தெரியும். முதலாளிக்குத் தொழிலாளியின் முகம் தெரிவது அரிது. மனுக் கொடுப்பவர்க்கு அலுவலரின் பெயர் தெரியும்; அலுவலர்க்கு மனுவின் எண் மட்டுமே தெரியும். இருண்ட சாலை இவ்வேற்றத்தாழ்வைச் சதையும் குருதியுமாகக் காட்டிவிடுகிறது. நடப்பவர் தம்மைக் காண்பார்கள் என்று முன்பின் அறியாத ஒருவரை நம்பி அடியெடுத்து வைக்கிறார். அந்நம்பிக்கைக்கு உரியவராக நடந்து கொள்வதே ஓட்டுநரின் அறம்.

ஆங்கிலேயச் சட்டமும் ஒரு நாளில் இவ்விடத்துக்கு வந்து சேர்ந்தது. 1932இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கில், இஞ்சிப் பானப் புட்டியில் நத்தை கிடந்ததாகக் கூறி ஒரு பெண்மணி முறையிட்டார். அவ்வழக்கில் அட்கின் பிரபு, அயலான் என்பவன் யார் என்னும் பழைய வினாவைச் சட்டத்தின் வினாவாக மாற்றினார். நம் செயலால் நேரடியாகப் பாதிக்கப்படக் கூடியவர் எவரோ, செயற்படும்போதே நாம் மனத்திற்கொள்ள வேண்டியவர் எவரோ, அவரே நம் அயலார் என்பது அவர் கருத்து. நம் நாட்டு நீதிமன்றங்களும் அக்கருத்தை ஏற்று நடக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்தவன் மட்டும் அயலான் அல்லன். கருத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியவனும் அயலானே.

இக்கருத்து தமிழர்க்குப் புதியதன்று. நம் இலக்கியத்தில் இரண்டு அரசர் கதைகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. ஒன்று, திருவாரூர்த் தெருவில் இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் பசுவின் கன்று அகப்பட்டு மாண்ட கதை. சேக்கிழார் அதனை விரித்துரைக்கிறார். உண்மையில் அது நம் இலக்கியம் கண்ட ஒரு சாலை விபத்து. கன்று துள்ளி உட்புகுந்தது. இளவரசன் அதனைக் காணவில்லை. கொல்லும் எண்ணமும் அவனுக்கு இல்லை. ஆயினும் மனுநீதிச் சோழன், ‘அறியாமல் நேர்ந்தது’ என்னும் விடையோடு அமைதியடையவில்லை. மற்றொன்று, பாண்டியன் நெடுஞ்செழியன் கதை. பொற்கொல்லனின் சொல்லை நம்பி, ஆராயாமல் கோவலனைக் கொல்விக்க ஆணையிட்டான். உண்மை தெரிந்ததும், தானே குற்றவாளி எனக் கண்டு அரியணையிலேயே உயிர்விட்டான். பாண்டியனிடம் தீய எண்ணம் இல்லை. அவனுடைய ஆணை அவனுடைய பார்வையை முந்திவிட்டது. அதுவே அவன் பிழை. கண்ணகி பாண்டியனின் அவையில் தன் ஊரை அறிமுகம் செய்யும்போது, கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனை நினைவூட்டுகிறாள் என்பதை ஆசிரியர்கள் அறிவர். இளங்கோவடிகள் இவ்விரு கதைகளையும் ஒரே வழக்காடு மன்றத்தில் சந்திக்க வைத்திருக்கிறார்.

எனினும், மகனைத் தேர்க்காலில் இடுவதையே மனுநீதிக் கதையின் படிப்பினையாக மாணவர்க்குச் சொல்லி நிறுத்திவிடுதல் போதாது. தண்டனை எவ்வளவு கடுமையாயினும் அதனால் சாலையில் ஒரு விளக்கும் எரியாது. அக்கதையில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது மணி. அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணி, வாயில்லாப் பசுவின் கொம்புக்கும் எட்டும் உயரத்தில் இருந்தது. துயருற்றவர் எவராயினும் அரசனின் செவிக்குத் தம் துயரைக் கொண்டு செல்லும் வழி அங்கே திறந்திருந்தது. பசுவுக்கு எட்டிய மணி, இன்று நம் தாமானில் வாழும் பாட்டிக்கு எட்டுகிறதா? விளக்கு அணைந்து கிடப்பதை எந்த அலுவலகத்தில், எம்மொழியில், எப்படித் தெரிவிப்பது என்று அவர் அறிவாரா? தெரிவித்த பின்னர் விடை கிடைக்கிறதா? நல்லாட்சி என்பது தண்டனையின் கடுமையில் இல்லை. மணியின் உயரத்தில் இருக்கிறது.

இது நம்மை இரண்டாம் தரப்பாருக்கு, அதாவது சாலையை அமைத்துப் பேணும் மன்றங்களுக்கும் துறைகளுக்கும், கொண்டு செல்கிறது. அறிவு, இயலுமை என்னும் இரு அளவுகோல்களும் அவர்கள் பக்கமே சாய்கின்றன. 1997இல் சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. சாலையில் ஒருவரும் இறக்கவோ கடுங்காயமுறவோ கூடாது என்பதே அதன் இலக்கு. அதன் அடிப்படை எளிமையானது: மனிதர் தவறு செய்வர், மனித உடல் ஓரளவு வேகத்தையே தாங்கும், ஆகவே ஒருவர் செய்யும் சிறு தவறு உயிரை வாங்காதவாறு சாலையை அமைப்பது சாலை அமைப்போரின் இறுதிப் பொறுப்பு. “அவன் தவறு செய்தான்” என்பதோடு அவர்கள் நிற்பதில்லை, “தவறு செய்பவனையும் காக்கும் சாலையை நாம் ஏன் அமைக்கவில்லை?” என்று மேலும் கேட்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகச் சாலைகளில் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நடந்து சென்றவர். வண்டியே இல்லாதவர், வண்டிகளின் உலகத்துக்கு இவ்வளவு பெரிய வரியைச் செலுத்துகிறார்.

சுவீடன் செல்வ நாடு, நமக்கு அது ஆகுமா என்று கேட்கலாம். பெரும்பணம் வேண்டும் பணிகளும் உண்டு. வேண்டாத பணிகளும் உண்டு. எரியாத குமிழை மாற்றுதல், நடப்போர் மேல் சாய்ந்து நிற்கும் புதரை வெட்டுதல், சந்திகளில் வேகத்தடை அமைத்தல், ஒளி எதிர்வீசும் குறிகளைப் பதித்தல், பேருந்து நிற்கும் இடத்திற்கு ஒரு விளக்காவது வைத்தல் ஆகியவை எளியவை. ஊராட்சியின் வரவு செலவுத் திட்டம் வெறும் எண்களின் ஏடன்று. எவருடைய பாதைக்கு முதலில் ஒளி, எவருடைய பாதைக்குப் பின்னர் என்று முடிவு செய்யும் அறநூல். நுழைவாயில் அலங்கார விளக்குகள் மின்னும் நகரில், பள்ளிக்குச் செல்லும் பாதை இருண்டிருந்தால், அந்த ஏட்டின் வரிசை தவறு.

‘விதி’ என்னும் சொல்லையும் இங்கே ஆராய வேண்டும். மகனை இழந்த தாய், “அவன் விதி முடிந்தது” என்று கூறினால், அச்சொல்லைத் திருத்த எவருக்கும் உரிமையில்லை. தாங்கவொண்ணாத துயரைத் தாங்குவதற்கு அவளுக்குக் கிடைத்த ஊன்றுகோல் அது. ஆனால் விளக்கைப் பழுதுபார்க்க வேண்டியவர் அதே சொல்லைக் கூறினால், அது ஊன்றுகோலன்று. ஒளிந்து கொள்ளும் திரை. துயருற்றவர் சொல்லும்போது விதி ஆறுதல். பொறுப்புடையவர் சொல்லும்போது விதி ஏய்ப்பு.

இறுதியாக, நடப்பவரின் கடமை. இங்கேதான் ஆசிரியர்களின் உள்ளத்தில் ஒரு தயக்கம் எழுகிறது. வெண்ணிற ஆடை அணிக, வண்டிகள் எதிரே வரும் பக்கமாக நடந்து செல்க, கையில் ஒரு விளக்கை ஏந்துக என்று எளியவர்க்கு அறிவுரை கூறுவது, வலியவரின் கடமையை எளியவர் தோளில் ஏற்றுவதாகாதா? தாக்குபவரை விடுத்துத் தாக்கப்படுபவரைத் திருத்துவது நீதியா? இத்தயக்கம் நியாயமானது. ஆயினும் காலத்தைக் கொண்டு இதனைத் தெளியலாம். விபத்துக்கு முன்னர்ச் சொல்லும் எச்சரிக்கை அன்பு. பின்னர்ச் சொன்னால் அதுவே பழி. வெண்ணிற ஆடை, கருநிற ஆடையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு தொலைவில் தெரியும். ஒளி எதிர்வீசும் பட்டையோ நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே தெரியும். இவ்வுண்மையை அறிந்தும் மாணவர்க்குச் சொல்லாதிருப்பது கொள்கைப் பிடிப்பன்று, கடமை தவறுதல். ஆனால் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்து, “ஏன் கறுப்புச் சட்டை அணிந்தாய்?” என்று கேட்பது அறமன்று. கருநிற ஆடை அணிவதும், நேரங்கெட்ட நேரத்தில் வெளியே செல்வதும் கவனக்குறைவாகலாம்; அவற்றுக்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் மரணம் தண்டனையன்று. அந்த எட்டுச் சிறுவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் அந்நேரத்தில் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது உண்மை. வீட்டில் இல்லாத பிள்ளையும் உயிரோடு திரும்ப வேண்டியவனே என்பது அதனினும் பெரிய உண்மை.

ஆசிரியப் பெருமக்கள் இதற்கு என்ன செய்யலாம்? நம் பாடத்திட்டத்தில் அலுவல் கடிதம் உண்டு. குடியிருப்பில் குப்பை அள்ளப்படவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று மாணவர்கள் ஆண்டுதோறும் கற்பனையாக முறையீடு எழுதுகின்றனர். நாம் பிழை திருத்தி, மதிப்பெண் இட்டு, ஏட்டை மூடி விடுகிறோம். அக்கடிதங்களுள் ஒன்றை மெய்யாக்குவோம். மாணவர்கள் பெற்றோரின் துணையோடு தாம் வரும் வழியை வரைபடமாக வரையட்டும். எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, அதன் எண் என்ன, எந்த வளைவில் புதர் மறைக்கிறது என்று குறிக்கட்டும். தமிழில் சிந்தித்துத் தேசிய மொழியில் கடிதம் எழுதட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அதனை ஊராட்சி மன்றத்திற்கு அனுப்பி, விடை வரும் வரை தொடரட்டும். ஒரு விளக்கு எரிந்தாலும், சொல்லுக்குப் பயன் உண்டு என்பதை அம்மாணவன் வாழ்நாள் முழுவதும் மறவான். ஆராய்ச்சி மணியின் கயிற்றை அவன் கையில் கொடுத்தவர்கள் ஆவோம். மொழிப் பாடத்திற்கு இதனினும் உயர்ந்த பயன் இல்லை.

அம்மாணவர்களே இன்னும் சில ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமம் பெறுவார்கள், சிலர் பொறியாளராவர், சிலர் மன்றங்களில் அமர்வர், சிலர் நீதிபதியாகவும் ஆவர். நடந்து சென்றபோது தாம் கொண்ட அச்சத்தை அன்றும் அவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். வலிமை வந்த பின்னர் எளிமையை மறத்தல் மனித இயல்பு. மறவாதிருக்கப் பழக்குதலே கல்வி.

ஆற்றல் பார்வையை முந்தலாகாது. ஓட்டுநரின் வேகத்துக்கும் இது பொருந்தும். அரசின் ஆணைக்கும் பொருந்தும். ஆசிரியரின் பிரம்புக்கும் பொருந்தும். எவ்வளவு தொலைவு காண இயலுமோ, அவ்வளவுக்கே விரைந்து செல்வோமாக. அதனினும் விரைந்து செல்ல வேண்டுமாயின், முதலில் விளக்கை ஏற்றுவோமாக.